ஆறு இலக்கம்

இருபத்தைந்தாம் தேதி விடியுமுன்னே
சம்பளம் வந்தது என்றொரு குறுஞ்செய்தி.
அதன் வாலைப் பிடித்தபடி
கழிந்தது, கழிந்தது, கழிந்தது என்று மூன்று.
கிராஃப்ட்டீனில் எங்கள் வீட்டுக்கு வரும் பணம்
செருப்பைக்கூடக் கழற்றுவதில்லை.

முன்பெல்லாம் ஒரே கம்பெனி.
கூரைமேல் ஒரு தட்டு, கீழே ஒரு பெட்டி.
மழை வந்தால் படம் உறையும்,
விலை ஏறினால் ஊரே வையும்.
"போட்டிக்கு ஒருத்தன் வரட்டும், அப்ப தெரியும் சேதி"
என்று சொன்னவள் நானேதான்,
சூப்பர்மார்க்கெட் கல்லாவில்,
வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழ.

வந்தார்கள்.
தட்டில் இப்போது மைனாக்கள் குந்துகின்றன.
ஐந்து கம்பெனி, ஐந்து கதவு,
கதவுக்குக் கதவு வாடகை.
முதல் பாகம் ஒருவனிடம், இரண்டாம் பாகம் மற்றவனிடம்.
நம்ம படம் ஒன்றில் தெலுங்கு பேசும்,
இன்னொன்றில் இந்தி.
தமிழ் பேசுவது எங்கே என்று தேடி முடிப்பதற்குள்
லோட் ஷெடிங்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை.
ஆளுக்கொன்று கட்டினோம்.
மொகாம்பரி அக்கா, புதுப்படம்.
சக்ரேன் மச்சான், கிரிக்கெட்.
என் பங்கு பிள்ளைகளின் கார்ட்டூன்.
எல்லாவற்றிலும் பெரியது, விலை கூடியது,
அண்ணன் பூபாலனுடையது.
கடவுச்சொல் மட்டும் நண்டுக் கறிக் கிண்ணம்போல
வீட்டுக்கு வீடு போய் வந்தது.
"யார் பார்க்கிறீர்கள்?" என்று திரை கேட்கும்,
கீழே வட்ட முகங்களாக நாங்கள் எல்லோரும்.
கல்யாண ஃபோட்டோவில்கூட
அவ்வளவு நெருங்கி நின்றதில்லை.

பிறகு அப்பாவின் வீட்டை விற்றோம்.
எவ்வளவுக்கு என்பதில் பேச்சு வளர்ந்தது,
யாருக்கு எவ்வளவு என்பதில் பேச்சே நின்றது.
பூபாலன் வெருலம் போனான்.
தீபாவளிக்கு வரவில்லை,
தியாஷாவின் இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்கும்.
ஆனால் திரையில் என் முகத்தை அவன் அழிக்கவில்லை.
நானும் வெளியேறவில்லை.
கோபம் கோபம்தான்,
பாதியில் நிற்கும் தொடர் பாதியில்தானே நிற்கிறது.

இந்த ஆண்டு கம்பெனிக்குக் கணக்கு இடித்தது போலும்.
"இந்தத் தொலைக்காட்சி
உங்கள் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல"
என்று எழுதிக் காட்டியது.
யார் சொன்னது உனக்கு என்று
ரிமோட்டும் கையுமாக நின்றேன்.
கணக்குக்காரருக்கு ஓர் எண் போயிருக்கிறது,
பதினைந்து நிமிடத்துக்குள் இங்கே தட்டுங்கள் என்றது.

இரண்டு வருடம் பேசாதவனிடம் கேட்க
பதினைந்து நிமிடம்.

ஆறு நிமிடம் அடுப்பைத் துடைத்தேன்.
அப்புறம் கம்பெனியைத் திட்டினேன்,
போட்டி வரட்டும் என்ற வாயையும்.
பத்தாவதில் ஃபோனை எடுத்து அவன் பெயரைத் திறந்தேன்.
இன்னும் அதே பழைய படம்,
அப்பா வீட்டு இரும்பு கேட்டில் சாய்ந்தபடி.

பதினொன்றில் ஃபோன் தானாக அதிர்ந்தது.
ஆறு இலக்கம்.
சுகமா என்றில்லை. யார் என்றுமில்லை.
தன் வீட்டில் யாரும் கேட்காத எண்ணை
எங்கே அனுப்புவது என்று
அவனுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

நன்றி என்று எழுதி, அழித்தேன்.

அதற்கப்புறம் மாதம் ஒருமுறை வருகிறது.
ஒருமுறை இரண்டே நிமிடத்தில்.
ஜூலையில் பதினான்காவது நிமிடத்தில்;
அன்றைக்கு இரவெல்லாம்
அவனுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கும் என்று
யோசித்துக் கிடந்தேன்.

நேற்று சக்ரேன் மச்சான் சொன்னார்,
புதிதாக ஒரு கம்பெனி, பாதி விலை,
முதல் மாதம் இலவசம்,
உன் தொடர்கூட அங்கேதான் போகிறதாம், மாறிக்கொள் என்று.
பார்க்கலாம் என்றேன்.

அந்தத் தொடரை முடித்து நாலு மாதமாகிறது.
முடிவும் அப்படியொன்றும் நன்றாயில்லை.
திரை தானாகக் கேட்பதையும்
ஜூனிலேயே நிறுத்திவிட்டது.
நான்தான்,
சம்பளம் வந்து போன மறுநாள்,
பிள்ளைகள் தூங்கியபின்,
வெளியேறு என்பதை அழுத்திவிட்டு
ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன்.